மேற்கோளும் மதிப்பும்: கொலரா ஆய்வு வரலாற்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

1959ஆம் ஆண்டிலே, ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இரு நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோயியற்றுறையைச் சார்ந்த சம்புநாத் தே என்பவர், கொலரா நோயை விளைவிக்கும் பற்றீரியாவின் நஞ்சினைப் பற்றிய சிறு கட்டுரையொன்றை இலண்டனிலிருந்து வெளிவரும் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார். அதே ஆண்டில், அமெரிக்கப் பிறப்புரிமையியலாளரும் முந்திய ஆண்டில் நோபல் பரிசு பெற்றவருமான யோசுவா லெடர்பேர்க், இயூஜின் கார்பீல்ட் என்ற ஆவணவியலாளருக்குக் கடிதமொன்று எழுதி, அறிவியற் கட்டுரைகளின் மேற்கோள்களைத் தொகுத்துச் சுட்டி அமைப்பதற்கு அவர் முன்வைத்த திட்டம் என்னவாயிற்று என்று வினவினார். கல்கத்தாவிலே தொடங்கிய கதையும் அமெரிக்காவிலே தொடங்கிய கதையும் 27 ஆண்டுகளின் பின்னர் ஒரே கட்டுரையில் வந்து சந்தித்தன. மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் பணி உலகில் எவ்வளவு தூரம் சென்றடைந்தது என்பதை மேற்கோள்களின் தொகைகொண்டு அளவிடலாமா என்னும் வினா, இன்று பல்கலைக்கழகங்களிலே நியமனத்தையும் பதவியுயர்வையும் ஆய்வுப் பணத்தையும் பாதிக்கும் வினாவாகிவிட்டது. அவ்வினாவினை ஆராய்வதற்கு இச்சந்திப்பின் வரலாறு தக்கதொரு களமாகும்.

மேற்கோள் காட்டுதல் அறிவுலகில் மிகப் பழைய வழக்கம். யாப்பருங்கல விருத்தியுரைகாரர் போன்றோர் எடுத்தாண்டமையினாலேயே பெயரளவிலேனும் எஞ்சிய தமிழ் நூல்கள் பல என்பது தமிழ் மாணவர் அறிந்ததே. ஆயின் மேற்கோள்களை எண்ணுதல் என்பது இருபதாம் நூற்றாண்டுக்குரியது. அதற்கு முன்னர் மருத்துவ எழுத்துக்களைப் பொருள்வாரியாகத் தொகுக்கும் முயற்சிகளே நடைபெற்றன. அமெரிக்க இராணுவத்தின் மருத்துவ நூலகத்தை வளர்த்தெடுத்த ஜோன் ஷோ பில்லிங்ஸ் 1879இல் தொடக்கிய 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' இவற்றுள் தலையாயது. எந்த நோய் பற்றி எவர் எங்கே எழுதினார் என்பதை அது கூறிற்று. எழுதியதை எவர் படித்தார், எவர் பயன்படுத்தினார் என்பதைக் கூறவில்லை.

எண்ணுதலுக்கான தொடக்கம் ஒரு கல்லூரி நூலகத்தின் பணத்தட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது என்பது சுவையான செய்தியாகும். சிறு கல்லூரியொன்றின் நூலகம் எந்தெந்த இரசாயனச் சஞ்சிகைகளை வாங்குதல் தகும் என்பதைத் தீர்மானிக்க விரும்பிய குரொஸ் என்னும் பெயருடைய இருவர், அமெரிக்க இரசாயனக் கழகத்தின் சஞ்சிகையில் 1926ஆம் ஆண்டு இடம்பெற்ற மேற்கோள்கள் 3,633இனையும் எண்ணி, அதன் பெறுபேற்றை 1927இல் வெளியிட்டனர். அவர்கள் எண்ணியது சஞ்சிகைகளையே, மனிதரையல்ல. எந்த நூலை வாங்குவது என்பதே அவர்தம் கேள்வி. எந்த மனிதரை மதிப்பது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

கார்பீல்டின் தொடக்கமும் இத்தகையதே. 1950களின் ஆரம்பத்தில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வெல்ச் மருத்துவ நூலகத்தில், மருத்துவ எழுத்துக்களை இயந்திர உதவியுடன் சுட்டிப்படுத்தும் திட்டத்தில் அவர் பணிபுரிந்தார். அக்காலத்திலே சட்டநூல் வெளியீட்டு நிறுவனமொன்றிற் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், சட்டத்தரணிகள் கையாளும் 'ஷெப்பேட்' சுட்டி பற்றி அவருக்கு எழுதினார். பிராங் ஷெப்பேட் என்பவரால் 1873இல் தொடக்கப்பட்ட அச்சுட்டி, ஒரு வழக்குத் தீர்ப்புப் பின்வந்த தீர்ப்புக்களில் எங்கெங்கே எடுத்தாளப்பட்டது, ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்பதை உரைப்பது. தள்ளப்பட்ட தீர்ப்பை நம்பி மன்றில் வாதிடும் சட்டத்தரணியின் நிலை இரங்கத்தக்கதன்றோ! அறிவியலுக்கும் அதுபோன்றதொரு கருவி வேண்டும் எனக் கார்பீல்ட் 1955இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார். பிழையான, காலாவதியான முடிவுகளை ஆராயாது மேற்கோள் காட்டும் வழக்கத்தை ஒழிப்பதே அவர் முதலிற் கூறிய நோக்கம். ஒரு கட்டுரையின் அடிக்குறிப்புகள் வாசகனைப் பின்னோக்கி அழைத்துச் செல்வன. மேற்கோட்சுட்டியோ அதே கட்டுரையிலிருந்து அவனை முன்னோக்கி அழைத்துச் செல்வது. அதன் புதுமை இத்திசை மாற்றத்திலேயே அடங்கியிருந்தது.

லெடர்பேர்க்கின் ஊக்கமும் அமெரிக்க அரச நிறுவனங்களின் பணமும் கிடைத்தபின் பிறப்புரிமையியலுக்குரிய சுட்டியொன்று ஆக்கப்பட்டது. அதனோடு 1963இல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்த 'சயன்ஸ் சைற்றேஷன் இன்டெக்ஸ்', 1961ஆம் ஆண்டுக்குரிய 613 சஞ்சிகைகளையும் அவற்றிலுள்ள ஏறத்தாழ 14 இலட்சம் மேற்கோள்களையும் உள்ளடக்கியிருந்தது. உலகில் வெளிவந்த சஞ்சிகைகள் பல்லாயிரமாயிருக்க, அவற்றுள் 613 மட்டுமே தெரியப்பட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது. மேற்கோள் காட்டப்பெற்ற கட்டுரைகள் முதலாசிரியரின் பெயரிலேயே நிரற்படுத்தப்பட்டன. எனவே இரண்டாம் மூன்றாம் இடங்களில் நின்ற துணையாசிரியர் சுட்டியிலே கண்ணுக்குப் புலனாகாதவராயினர். தேடுவதற்கு ஆக்கப்பட்ட கருவியில் இது பெருங்குறையன்று. மனிதரை நிறுப்பதற்கு அதனையே தராசாக்கியபோதுதான் குறையாயிற்று.

இனி, கல்கத்தாவை நோக்குவோம்.

கொலராவின் வரலாறே கவனிக்கப்படாத கட்டுரைகளின் வரலாறு எனலாம். 1854இல் புளோரன்ஸ் நகரில் பிலிப்போ பச்சினி என்ற உடற்கூற்றியலாளர், கொலராவால் இறந்தோரின் குடலிலே வளைந்த நுண்ணுயிர்களைக் கண்டு இத்தாலிய மொழியில் எழுதினார். நச்சுக்காற்றினால் நோய் பரவுகிறது என்ற கொள்கை ஆட்சி செலுத்திய அக்காலத்தில் அவர் கூற்றை மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகளின் பின் ஜேர்மானியரான ரொபேட் கொக் எகிப்திலும் தொடர்ந்து கல்கத்தாவிலும் ஆய்வு நிகழ்த்தி, 1884இல் அதே நுண்ணுயிரைத் தனிப்படுத்தி வளர்த்துக் காட்டினார். புகழ் அவரையே சேர்ந்தது. பச்சினிக்கு நீதி கிடைத்தது 1965இல். அந்த ஆண்டிலேதான் இந்நுண்ணுயிரின் முறையான பெயருடன் பச்சினியின் பெயரும் 1854 என்னும் ஆண்டும் சேர்த்து ஏற்றுக்கொள்ளப்பட்டன. பச்சினி 1883இலேயே காலமாகிவிட்டார்.

கொக் வேறொன்றையும் கூறியிருந்தார். நுண்ணுயிர் குடலினுள் தங்கி ஒரு நஞ்சினை வெளியிடுகிறது, அந்நஞ்சே நோய்க்குக் காரணம் என்பது அவர் ஊகம். ஆயினும் அந்நஞ்சினை எவராலும் காட்ட முடியவில்லை. பற்றீரியா இறந்து சிதையும்போது அதன் உடலிலிருந்து வெளிப்படும் நச்சுப்பொருளே காரணம் என்ற மாற்றுக் கருத்து நிலைபெற்று, முக்கால் நூற்றாண்டு காலம் ஆய்வாளரைத் திசைதிருப்பியது. விலங்குகளின் இரத்தக்குழாயிலும் வயிற்றறையிலும் பற்றீரியாவைச் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் இறந்தன, மனிதருக்கு வருவது போன்ற பேதி மட்டும் ஏற்படவில்லை.

1915இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமமொன்றிலே பிறந்த தே, கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, இலண்டனிலே ரோய் கமரூன் என்னும் புகழ்பெற்ற நோயியலாளரின் கீழ் ஆய்வு செய்து, 1949இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஊர் திரும்பிய அவரைச் சூழ்ந்திருந்தது கொலராவே. அவர் செய்த பரிசோதனை இன்று கேட்போருக்கு வியப்பளிக்கும் அளவுக்கு எளியது. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலினாற் கட்டி, அக்கட்டுக்களுக்கு இடையே பற்றீரியாவைச் செலுத்தி, ஒரு நாள் கழித்துத் திறந்து பார்த்தார். கட்டப்பட்ட பகுதி நீர் நிறைந்து வீங்கியிருந்தது. கொலரா நோயாளியின் குடலில் நிகழ்வது அங்கே நிகழ்ந்திருந்தது. நோய் நிகழும் இடத்திலேயே நோயை ஆராய்தல் என்ற எளிய உண்மையைப் பலர் தவறவிட்டிருந்தனர். சாட்டர்ஜியுடன் சேர்ந்து 1953இல் பிரித்தானியச் சஞ்சிகையொன்றில் இதனை அவர் வெளியிட்டார். ஏறத்தாழ இதே முறையை 1915இல் இரு ஆய்வாளர்கள் பிரெஞ்சு மொழியில் விவரித்திருந்தனர் என்பதும், அது மறக்கப்பட்டுப் போயிற்று என்பதும் பின்னரே பேசப்பட்டன. ஒருவர் செய்ததை இன்னொருவர் மீண்டும் முதலிலிருந்து செய்ய நேர்வதற்கு, எழுதப்பட்டது படிக்கப்படாமையினும் பெரிய காரணம் வேண்டுவதில்லை.

1959ஆம் ஆண்டுக் கட்டுரை அடுத்த படியாகும். பற்றீரியா வளர்ந்த திரவத்திலிருந்து பற்றீரியாக்களை முற்றாக வடித்து நீக்கியபின், எஞ்சிய திரவத்தை மாத்திரம் முயலின் குடலிற் செலுத்தினார் தே. குடல் முன்போலவே நீர் நிறைந்து வீங்கிற்று. உயிருள்ள பற்றீரியா வெளியே விடும் நஞ்சு ஒன்று உண்டு என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. கொக்கின் ஊகம் 75 ஆண்டுகளின் பின்னர், அவர் ஆய்வு நடத்திய அதே நகரத்திலே, அந்நகரத்து மருத்துவர் ஒருவராலே மெய்ப்பிக்கப்பட்டது. அதே காலத்தில் பம்பாய் ஹாவ்கின் நிறுவனத்தில் தத்தா என்பவரும் அவர் துணைவரும் வேறு வழியாக இதனையொத்த முடிவை எய்தினர் என்பதையும் குறிப்பிடுதல் முறை.

இக்கட்டுரை வெளியானவுடன் உலகம் திரும்பிப் பார்த்ததா? இல்லை. தொடக்கத்தில் அது போதிய கவனம் பெறவில்லை என்பதே பின்னாளில் கார்பீல்டின் கணிப்புமாகும். வறிய நாட்டு ஆய்வாளர் தத்தம் நாட்டுச் சஞ்சிகைகளில் எழுதுவதனாலேயே கவனிக்கப்படாது போகின்றனர் என்று கூறப்படுவதுண்டு. தேயின் வரலாறு அவ்விளக்கத்துக்கு இடமளிக்கவில்லை. அவர் எழுதியது ஆங்கிலத்தில். வெளியிட்டது உலகின் முதன்மையான சஞ்சிகையில். 1961இல் கொலரா பற்றிய அவரது நூலும் எடின்பரோவிலிருந்து வெளிவந்தது. வாசல் திறந்தேயிருந்தது, வாசிப்பவர்தாம் இல்லை. கொலரா மேற்கு நாடுகளை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்திருந்தமையால் அங்குள்ள ஆய்வுகூடங்களுக்கு அது உயிர்ப்பிரச்சினையாய் இருக்கவில்லை. மேற்கோள் என்பது கட்டுரையின் தகுதியை மாத்திரம் பொறுத்ததன்று. அதே பொருளில் வேறெத்தனை பேர், எத்தகைய வசதிகளோடு உழைக்கின்றனர் என்பதனையும் பொறுத்தது.

நிலைமை மாறியதன் பின்னணியும் இதனையே காட்டுகின்றது. கெடுபிடிப்போர்க் காலத்து இராணுவக் கூட்டணியான 'சியாட்டோ'வின் ஆதரவுடன், அமெரிக்கப் பணத்தைக் கொண்டு, 1960இல் டாக்காவில் கொலரா ஆய்வுகூடம் அமைக்கப்பட்டது. 1961இல் இந்தோனேசியாவிலிருந்து ஏழாவது உலகக் கொலராப் பரவல் தொடங்கிற்று. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் கல்கத்தாவிலும் ஆய்வு நிலையத்தை ஏற்படுத்தியது. பணமும் ஆளும் கருவியும் வந்து சேர, கொலராவின் நஞ்சு உலக ஆய்வாளரின் பொருளாயிற்று. 1969இல் அமெரிக்காவிலே பிங்கெல்ஸ்ரைனும் லொஸ்பலூட்டோவும் அதனைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். தேயின் கட்டுரை அதன்பின் அத்துறையின் மைல்கல்லாக மதிக்கப்பட்டது. கட்டுரையில் ஓர் எழுத்தேனும் மாறவில்லை. அதனைச் சூழ்ந்த உலகமே மாறிற்று. தேயோ, நஞ்சினைத் தூய்மைப்படுத்துவதற்கு வேண்டிய வசதிகள் இன்மையால் அத்துறையிலிருந்து ஏறத்தாழ விலகி, 1973இல் ஓய்வுபெற்றுவிட்டார்.

1985 ஏப்ரலில் தே காலமானார். இந்திய அறிவியற் கழகங்கள் எதுவும் அவரைத் தன் உறுப்பினராகத் தெரிவு செய்திருக்கவில்லை; பெருவிருதெதுவும் அவருக்குக் கிட்டவுமில்லை. அடுத்த ஆண்டு, கார்பீல்ட் தமது 'கறன்ற் கொன்ரென்ற்ஸ்' வார இதழிலே கட்டுரையொன்று எழுதினார். கொலரா ஆய்வுகள் எவ்வெவற்றை மேற்கோள் காட்டின, எந்தக் கட்டுரைகள் சேர்ந்து எடுத்தாளப்பட்டன என்பனவற்றை வரைபடங்களாக்கி, அவ்வரைபடத்தில் கல்கத்தா மருத்துவர் நின்ற இடத்தை அதில் அவர் சுட்டிக்காட்டினார். தேயை நோபல் பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் முன்மொழிந்ததாக லெடர்பேர்க் பின்னர் வெளிப்படுத்தினார். மேற்கோட்சுட்டியைத் தட்டியெழுப்பிய அதே லெடர்பேர்க்! 1990இல் இந்தியாவின் 'கறன்ற் சயன்ஸ்' சஞ்சிகை தேயின் நினைவாகச் சிறப்பிதழொன்றை வெளியிட்டது. சொந்த நாட்டுக் கழகங்கள் காணத் தவறியதைப் பிலடெல்பியாவிலிருந்து ஒரு சுட்டி காட்டிற்று என்பதை மறுப்பதற்கில்லை. பதவி, செல்வாக்கு, அறிமுகம் என்பவற்றைப் பொருட்படுத்தாத கணக்கு ஒன்று இருப்பது எளியோருக்குச் சில வேளைகளில் துணையே. மேற்கோட்கணக்கை முற்றாக இகழ்ந்து ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயின் கணக்கு அத்துடன் நிற்கவில்லை. எந்தச் சஞ்சிகைகளைச் சுட்டியிற் சேர்ப்பது என்று தெரிவதற்காகக் கார்பீல்டும் ஏர்விங் ஷேரும் வகுத்த 'தாக்கக் காரணி' 1975 முதல் ஆண்டுதோறும் அச்சாகி வந்தது. சஞ்சிகையின் சராசரியைக் குறிக்கும் அவ்வெண், காலப்போக்கில் அச்சஞ்சிகையில் எழுதியவரின் தகுதியைக் குறிக்கும் எண்ணாக உருமாறியது. ஒரு வகுப்பின் சராசரிப் புள்ளியைக் கொண்டு அவ்வகுப்பிலுள்ள மாணவன் ஒருவனின் தகுதியை முடிவு செய்வதற்கு இது ஒப்பாகும். 2005இல் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹேர்ஷ் தனிமனிதருக்குரிய 'எச்-சுட்டெண்'ணை முன்வைத்தார். ஒருவரின் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை மேற்கோள்களைப் பெற்றுள்ளனவோ அதுவே அவரது எண். சில கட்டுரைகளே எழுதி அவற்றுளொன்றால் ஒரு துறையையே திருப்பிவிட்டவர் இக்கணக்கில் என்றும் சிறியவரே. 2019இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் ஜோன் ஐயோனிடிஸும் அவர் துணைவரும் ஓர் இலட்சம் ஆய்வாளரின் மேற்கோட்கணக்கை வெளியிட்டனர். அதன்வழி வந்த பட்டியல்களில் தம்மவர் இடம்பெறுவதைப் பல்கலைக்கழகங்கள் பெருமையாக அறிவிக்கின்றன. தாக்கக் காரணியை மனிதரை மதிப்பிடப் பயன்படுத்தலாகாது என 2012இல் சான்பிரான்சிஸ்கோவிற் கூடிய ஆய்வாளரும் பதிப்பாசிரியரும் பிரகடனம் ஒன்றை வரைந்தனர். ஆயினும் எண்ணின் கவர்ச்சி இலேசில் விடுவதாயில்லை.

எண்ணிக்கை எதனைக் காட்டுகிறது என்பதற்கு ஒலிவர் லோரியின் கட்டுரை நல்ல உதாரணம். ஒரு கரைசலிலுள்ள புரதத்தின் அளவை அறியும் முறையை விளக்கி 1951இல் வெளிவந்த இக்கட்டுரை மூன்று இலட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களைப் பெற்று, வரலாற்றில் மிகக் கூடுதலாக எடுத்தாளப்பட்ட கட்டுரையாயிற்று. அது பெருமைக்குரிய கட்டுரையன்று என்பதை லோரியே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆய்வுகூடந்தோறும் பயன்படும் முறையாதலால் அனைவரும் அதனைக் குறித்தனர், அவ்வளவே. மறுதலையாக, ஒரு கண்டுபிடிப்புப் பொது அறிவாகிப் பாடநூலிற் புகுந்துவிட்டால் அதன் மூலக்கட்டுரையை எவரும் குறிப்பதில்லை. அறிவியலின் சமூகவியலை ஆராய்ந்த ரொபேட் மேட்டன் இதனையும், முன்னரே புகழ்பெற்றவருக்கே மேலும் புகழ் சேரும் போக்கினையும் எடுத்துக்காட்டியுள்ளார். பின்னையதற்கு மத்தேயு நற்செய்தியின் பெயரையே அவர் 1968இல் சூட்டினார்.

கொலராவிலேயே இதற்கு இன்னொரு சான்றுண்டு. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காள எல்லையிலுள்ள போன்காவ் என்னும் ஊரை வந்தடைந்தபோது முகாம்களில் கொலரா பரவியது. நாளத்தினூடாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. கல்கத்தாவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிலையத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மகலநோபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். கலந்து கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளரின் உறவினரே. நூற்றுக்கு 30 என்ற அளவிலிருந்த இறப்பு, அவர் பொறுப்பில் இருந்தோரிடையே 3.6 ஆகக் குறைந்தது. அவர் அதனை 1973இல் வெளியிட்டது 'ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மெடிக்கல் ஜேர்ணல்' என்ற சஞ்சிகையில். அச்சஞ்சிகை 1982இல் நின்றுபோயிற்று. உப்பும் சர்க்கரையும் கலந்த பொதி அதன்பின் உலகின் மூலைமுடுக்கெல்லாம் சென்றடைந்தது. அதனைக் கரைத்துத் தம் பிள்ளைகளுக்குப் பருக்கிய தாய்மார் எவரும் கட்டுரை எழுதவில்லை. எழுதாதோரின் நன்றி எந்தச் சுட்டியிலும் ஏறுவதில்லை.

உப்பும் குளுக்கோசும் குடலில் இணைந்தே உறிஞ்சப்படுகின்றன என்னும் கண்டுபிடிப்பு இந்நூற்றாண்டின் மிகமுக்கியமான மருத்துவ முன்னேற்றமாகக் கூடும் என்று இலண்டன் 'லான்செற்' சஞ்சிகை ஆசிரியத் தலையங்கம் எழுதியது 1978இல். அதே ஆண்டிலேதான் கொலரா பற்றிய நோபல் ஆய்வரங்கு சுவீடனில் நடைபெற்றது. ஓய்வுபெற்று ஐந்தாண்டுகளாகியிருந்த சம்புநாத் தேயும் அதற்கு அழைக்கப்பட்டிருந்தார். அவையினர் முன் எழுந்து நின்ற அவர், 1960களின் தொடக்கத்திலேயே தாம் இறந்துவிட்டதாகவும், ஆய்வரங்கக் குழுவினர் தம்மைத் தோண்டியெடுத்திருப்பதாகவும், அவர்களோடு கழித்த இரு நாட்களில் மீண்டும் உயிர் வருவதுபோல் இருப்பதாகவும் கூறினார்.